ஓடுபாதையில் ஓர் இரவு

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டிருந்தார். நான் எழுத்தாளன் அல்லேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிற நாட்டு விமான நிலையங்களில் மின்பொறியியலாளனாகக் கடமையாற்றி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவன். அறிக்கைகளையும் படிவங்களையுமன்றி வேறெதையும் எழுதிப் பழகியவனல்லன். ஆயினும் கல்லூரி அன்னை கேட்கும்போது மறுத்துச் சொல்லும் துணிவு எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆதலின் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி, அதாவது ஒரு பெரிய விமான நிலையம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பற்றி, எழுதத் துணிந்தேன். அதனோடு, நாற்பது ஆண்டுகளாக மனத்தினுள்ளே வைத்திருந்த ஒரு செய்தியையும் இம்மலரிற் சொல்லிவிட எண்ணுகின்றேன்.

வெளிநாடு சென்று வரும் நண்பர்கள், தாம் கண்ட விமான நிலையங்களின் அழகை வியந்து பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் அருகே 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்ணாடி மாளிகையினுள் நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சி விழுகின்றது என்பர். கடைகளின் செழிப்பையும் பளிங்குத் தளத்தின் பளபளப்பையும் புகழ்வர். அவை யாவும் மெய்யே. ஆனால் அவையெல்லாம் விருந்தினரை வரவேற்கும் விறாந்தை போன்றவை. வீட்டைத் தாங்கும் அத்திவாரத்தை விருந்தினர் காண்பதில்லை. விமான நிலையத்தின் உயிர்நிலை கட்டிடங்களுக்கு வெளியே, இருளில், பயணிகள் ஒருபோதும் கால் வைக்காத இடத்திலே இருக்கின்றது. அதனை ஓடுபாதை என்கின்றோம்.

நான் மாணவனாக இருந்த காலத்தில் எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலே மரத்தாற் செய்த நிறைப்பெட்டிகள் இருந்தன. பித்தளை நிறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குழி உண்டு. அவற்றைக் கையாற் தொடுதல் ஆகாது. சாவணத்தாலேயே எடுத்தல் வேண்டும். பாடம் முடிந்ததும் எமது ஆசிரியர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து குழிகளைப் பார்ப்பார். ஒரு குழி வெறுமையாக இருந்தால், மணி அடித்தாலும் வகுப்புக் கலையாது. எல்லோரும் மேசைகளுக்குக் கீழே குனிந்து தேடுவோம். ஒருமுறை ஒரு கிராம் நிறையொன்றுக்காக மாலை ஐந்து மணிவரை தேடினோம். "ஒரு கிராம்தானே, ஐயா" என்று ஒருவன் சொன்னான். "அதைக் கொண்டு நிறுக்கப்போகிற அடுத்த பையனுக்கு என்ன பதில் சொல்லுவாய்?" என்று ஆசிரியர் கேட்டார். அன்று எனக்கு அது வீண் பிடிவாதமாகவே பட்டது.

விமானங்களின்மேல் எனக்கு ஆசை உண்டானதும் அக்காலத்திலேதான். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் தேதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது என்பதை மூத்தோர் அறிவர். அந்தக் காங்கேசன்துறை நிலையமே பலாலி. அறுபதுகளில் நானும் நண்பர்களும் துவிச்சக்கர வண்டிகளிற் பலாலிக்குச் சென்று, டக்கோட்டா விமானங்கள் வந்திறங்குவதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்திருக்கின்றோம். விமானத்தைப் பார்த்தோமேயன்றி, அது இறங்கிய தரையை நாங்கள் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கப் பேராதனையிற் பொறியியல் கற்று, கடல் கடந்து சென்று, உத்தியோகம் ஏற்ற பின்னரே நான் கற்றுக்கொண்டேன்.

அந்தத் தரையைப் பற்றிச் சிறிது சொல்லுகின்றேன். சாங்கி நிலையத்தின் இரு பழைய ஓடுபாதைகளும் நாலாயிரம் மீற்றர் நீளமும் அறுபது மீற்றர் அகலமும் உடையன. எயர்பஸ் ஏ-380 என்னும் பெரிய விமானம் முழுச்சுமையோடு புறப்படும்போது சுமார் 575 தொன் நிறையுடையது. அவ்வளவு நிறையையும் இருபத்திரண்டு சக்கரங்கள் தாங்குகின்றன. இறங்கும் விமானமோ மணிக்கு 250 கிலோமீற்றர் அளவான வேகத்தில் நிலத்தைத் தொடுகின்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே. இங்கே ஊர்வது எறும்பன்று. ஆதலால் மேலே தெரியும் தார் அல்லது கொங்கிறீற்றுத் தளம் மட்டும் பாதையன்று. அதன் கீழே இறுக்கிய கற்படையும் அதன் கீழே பதப்படுத்திய மண்ணுமாகப் பல படைகள் உண்டு. ஒரு படை இளகினாலும் மேலே வெடிப்புக் காணும்.

சக்கரத்துக்குப் பகை நீர். மழைநீர் பாதையில் மெல்லிய படலமாகத் தேங்கினால், வேகமாக வரும் சக்கரம் தரையைத் தொடாமல் நீரின்மேல் வழுக்கிச் செல்லும். அப்பொழுது தடுப்புக் கருவி இருந்தும் பயனில்லை. அதற்காகவே பாதையின் நடுப்பகுதி சிறிது உயர்ந்தும் இருபுறமும் சரிந்தும் அமைக்கப்படுகின்றது. பல நிலையங்களிற் பாதையின் குறுக்கே கால் அங்குல அகலமும் ஆழமும் உள்ள நுண்ணிய வாய்க்கால்களை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிவிடுகின்றார்கள். ஆனால் ஒவ்வொரு விமானமும் இறங்கும்போது அதன் டயரிலிருந்து சிறிது றப்பர் உருகித் தளத்தில் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் அந்த றப்பர் வாய்க்கால்களை அடைத்துவிடும். அப்பொழுது மிகுந்த அழுத்தமுள்ள நீரைப் பீச்சி அதனைக் கழுவி எடுத்தல் வேண்டும். தளத்தின் பிடிமானத்தை அளப்பதற்கென்றே தனி வண்டியொன்று பாதையில் ஓடும். கட்டி முடித்த பாதை என்று ஒன்று இல்லை; நாள்தோறும் பேணப்படும் பாதையே உண்டு.

இதற்குச் சிறந்த உதாரணம் யப்பான் தேசத்தில் ஒசாக்கா விரிகுடாவிலே, கடலை நிரப்பி அமைத்த தீவின்மேற் கட்டப்பட்ட கன்சாய் விமான நிலையம். அது 1994ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் தேதி திறக்கப்பட்டது. கடலடியிலுள்ள களிமண் மேலே கொட்டிய சுமையால் நசுங்குவதால் அந்தத் தீவு அன்றுதொட்டு மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டேயிருக்கின்றது. கட்டத் தொடங்கிய காலந்தொட்டுப் பத்து மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. தாழும் என்பதைப் பொறியியலாளர் முன்னரே அறிவர். ஆகையால் நிலையக் கட்டிடத்தின் சுமார் தொளாயிரம் தூண்களையும் தனித்தனியே உயர்த்தக்கூடியவையாக அமைத்தனர். தரை சமமின்றித் தாழும்போது, தாழ்ந்த தூணைத் தூக்கி, அதன் கீழே இரும்புத் தகடுகளைச் செருகி, கட்டிடத்தை மட்டம் செய்கின்றனர். மேலே பயணிகள் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர். கீழே ஒருவர் தூணின் மட்டத்தை அளந்துகொண்டிருப்பார்.

இனி என்னுடைய துறையாகிய விளக்குகளுக்கு வருகின்றேன். இரவிலே வானத்திலிருந்து ஓடுபாதையை நோக்கும் விமானிக்கு விளக்குகளே மொழி. பாதை தொடங்கும் இடம் பச்சை; முடியும் இடம் சிவப்பு; ஓரங்கள் வெள்ளை. நடுக்கோட்டு விளக்குகளும் வெள்ளையே. ஆனால் பாதை முடிவதற்கு 900 மீற்றர் இருக்கும்போது சிவப்பும் வெள்ளையுமாக மாறி, கடைசி 300 மீற்றரில் முழுவதும் சிவப்பாகிவிடும். பாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் ஒரே வரிசையில் இருக்கும். விமானம் சரியான சரிவில் இறங்குமாயின் விமானிக்கு இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரியும். நான்கும் வெள்ளையாயின் மிக உயரத்தில் இருக்கின்றான்; நான்கும் சிவப்பாயின் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டான். ஒரு சொல்லும் பேசாமல் அந்த நான்கு விளக்குகளும் அவனுக்கு வழி சொல்லுகின்றன.

வீடுகளில் மின்விளக்குகளைச் சமாந்தரமாக இணைப்பது வழக்கம். நாலாயிரம் மீற்றர் நீளமான பாதையில் அவ்வாறு இணைத்தால், தொலைவிலுள்ள குமிழ்கள் மங்கியெரியும். விமானிக்கோ எல்லா விளக்கும் ஒரே ஒளியுடன் தெரிதல் வேண்டும். ஆகையால் அவற்றைத் தொடராக இணைத்து, 6.6 அம்பியர் அளவான மாறாத மின்னோட்டத்தைச் செலுத்துகின்றோம். தொடரிணைப்பில் ஒரு குமிழ் எரிந்துபோனால் எல்லாம் அணையும் என்று பாடசாலையிற் படித்தோமல்லவா? அது நேராதபடி ஒவ்வொரு விளக்குக்கும் நிலத்தினுள் ஒரு சிறு நிலைமாற்றி வைக்கப்படுகின்றது. குமிழ் பழுதானாலும் சுற்று அறாது. அதுவும் போதாதென்று, அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு சுற்றுகளில் இணைப்போம். ஒரு சுற்று முற்றாக அழிந்தாலும் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். பாதையின் உருவம் மறையாது. 1944ஆம் ஆண்டின் சிக்காக்கோ உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இவற்றுக்கெல்லாம் விதி வகுத்திருக்கின்றது. அடர்ந்த மூடுபனியில் விமானம் இறங்கும் பாதையில், மின்சாரம் நின்றால் நடுக்கோட்டு விளக்குகள் ஒரு செக்கனுக்குள் மாற்று வழியில் ஒளிபெறல் வேண்டும். தீயணைப்பு வண்டியோ ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச்சேரல் வேண்டும்.

இவ்வளவையும் பேணுவதற்கு நேரம் எப்பொழுது? பகலெல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் வந்துகொண்டிருக்கும் நிலையத்தில் இரவின் சில மணித்தியாலங்களே தொழிலாளருக்குக் கிடைக்கும். ஒரே ஓடுபாதையுடைய நிலையங்களில் இடர் இன்னும் பெரிது. எமது கட்டுநாயக்காவில் 2017ஆம் ஆண்டு சனவரி தொடக்கம் ஏப்பிரில் வரை மூன்று மாத காலம் பாதையைப் புதுப்பித்தபோது, நாள்தோறும் காலை எட்டரை மணியிலிருந்து மாலை நாலரை மணிவரை நிலையத்தை மூடவேண்டியிருந்ததைப் பலரும் நினைவுகூர்வர். இரண்டு பாதைகள் உள்ள இடத்தில் ஒன்றை மூடி மற்றதை நடத்தலாம். அவ்வாறு மூடும் இரவுகளில் ஒன்றைப் பற்றியே நான் சொல்லவேண்டியிருக்கின்றது.

அது 1984ஆம் ஆண்டு. கீழைத்தேய நிலையம் ஒன்றிலே நான் இளம் பொறியியலாளனாக இருந்தேன். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. மற்றைய பாதையிலும் அவ்வாரம் வேறு வேலை நடந்ததால், எமது பாதையைக் காலை ஐந்தரை மணிக்குத் தவறாமல் திறந்து கொடுத்தல் வேண்டும். இரவு ஒரு மணிக்கு நானும் தொழிலாளர் நால்வரும் லொறியொன்றிற் சென்று நடுக்கோட்டு விளக்குகளை மாற்றத் தொடங்கினோம். அவை தரையோடு சமமாகப் பதிக்கப்பட்டவை. பதினைந்து மீற்றருக்கு ஒன்றாக இருப்பவை. மேல் மூடியைக் கழற்றி, புதிய விளக்கை வைத்து, ஆணிகளை உரிய அளவுக்கு முறுக்குதல் வேண்டும். தளர்ந்தால் சக்கரம் அதனைப் பிடுங்கி எறிந்துவிடும்; மிகையாக முறுக்கினால் ஆணி முறியும். மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலரை மணிவரை நனைந்தபடியே வேலை செய்து, பதினெட்டு விளக்குகளையும் மாற்றி முடித்தோம்.

வேலை முடிந்ததும் நான் லொறியின் முன்னாசனத்தில் அமர்ந்து படிவத்தை நிரப்பினேன். "பாதை துப்புரவாக உள்ளது, கருவிகள் அனைத்தும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன" என்னும் வாசகம் அச்சிலேயே இருந்தது. அதன் கீழே கையொப்பம் இட்டேன். கருவிகளை நான் எண்ணவில்லை. வழக்கமாக எல்லாம் சரியாகவே இருக்கும், குளிர் நடுக்கியது, நேரமும் குறுகிக்கொண்டிருந்தது. இவை காரணங்களேயன்றி நியாயங்களல்ல என்பதை இப்பொழுது அறிவேன்.

எங்களுடன் வந்த தொழிலாளருள் ஒருவர் ஐம்பது வயது கடந்த தமிழர். அவருடைய பெற்றோர் தஞ்சைப் பக்கத்திலிருந்து றப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். வயதில் மூத்தவராயினும் என்னை எப்பொழுதும் "ஐயா" என்றே அழைப்பார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதற்கு நான் வானொலிக் கருவியைக் கையில் எடுத்தபோது, அவர் வந்து லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இன்னும் சொல்லிடாதீங்க. ஒரு ஸ்பனர் குறையுது" என்றார்.

அவர் என்னைத் தம்பி என்று அழைத்தது அதுவே முதல் தடவை. "பட்டறையில் விட்டிருப்பீர்கள், விடிந்தபின் பார்ப்போம்" என்றேன்.

"பட்டறையில இல்லீங்க. நான்தான் எடுத்து வச்சேன். லொறியோட பின்பலகையைப் பூட்டினதும் நான்தான். சரியாப் பூட்டலைன்னு நினைக்கிறேன். பாதையிலதான் விழுந்திருக்கணும்."

இவ்வாறு அவர் தம்முடைய பிழையைத் தாமே சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அதனை ஒருவரும் அறியமாட்டார்கள். நானோ அப்பொழுதும் தயங்கினேன். பாதையைக் குறித்த நேரத்திலே திறக்காவிட்டால் விளக்கம் கேட்பார்கள். கையொப்பமிட்ட படிவம் என் மடியில் இருந்தது. அவர் மறுபடியும் ஒன்றும் பேசவில்லை. கதவிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. அப்பொழுதுதான் எமது ஆய்வுகூடத்தின் நிறைப்பெட்டி என் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். உண்மை அதுவன்று. அந்த மனிதர் அங்கே நின்றார் என்பதற்காகவே நான் கோபுரத்தை அழைத்து, இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும் என்று கேட்டேன். முதல் விமானம் ஐரோப்பாவிலிருந்து முந்நூறு பேருக்கு மேற்பட்டோருடன் வந்துகொண்டிருப்பதாகவும், சிறிது நேரம் வானத்திற் சுற்றக்கூடிய அளவுக்கு எரிபொருள் இருப்பதாகவும் அங்கிருந்து பதில் வந்தது.

ஐவரும் பாதையின் அகலத்திலே கைக்கெட்டாத இடைவெளி விட்டு வரிசையாக நின்று நடக்கத் தொடங்கினோம். நனைந்த கருந்தளத்தில் கருநிற இரும்பைக் காண்பது எளிதன்று. முதியவர் எங்களுக்கு ஓர் உபாயம் சொன்னார். ரோச் விளக்கை மேலிருந்து பிடிக்காமல், தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடிக்கவேண்டும். அப்பொழுது சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். அவ்வாறே குனிந்து நடந்தோம். நாங்கள் வேலை செய்த இடத்தில் ஒன்றும் இல்லை. லொறி திரும்பிய சந்தியிலே, நடுக்கோட்டிலிருந்து நாலைந்து அடி தூரத்தில், ஒரு நீண்ட நிழல் தெரிந்தது. கண்டெடுத்தவர் அவரே. அதனை எடுத்துத் தம் சட்டையில் துடைத்து, பெட்டியிலே அதற்குரிய இடத்தில் வைத்தார்.

பாதை பன்னிரண்டு நிமிடம் பிந்தித் திறக்கப்பட்டது. கிழக்கு வெளுக்கும் வேளையில் அந்த விமானம் எங்கள் தலைக்கு மேலாக வந்து, அந்தச் சந்திக்கு அருகிலேயே சக்கரங்களைப் பதித்துச் சென்றது. உள்ளே இருந்தவர்கள் கண்விழித்துத் தத்தம் பைகளைத் தேடிக்கொண்டிருந்திருப்பர்.

அன்று பகல் நான் முதற் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிய அறிக்கை எழுதினேன். "கருவிகளை எண்ணியபோது ஒன்று குறைவது அறியப்பட்டது, உடனே தேடி எடுக்கப்பட்டது" என்று எழுதினேன். அறிந்தது யார் என்று எழுதவில்லை. முதியவரின் பெயரைச் சேர்த்தால் பின்பலகையைப் பூட்டாத குற்றமும் அவர்மேல் வரும். அவரைக் காப்பதற்காகவே பெயரை விடுகின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, எண்ணாமற் கையொப்பமிட்டவனை அந்த வசனம் மறைத்துவிட்டது என்பதாகும். ஒரு மாதத்தின் பின்னர் மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விழிப்போடு செயலாற்றி விபத்தொன்றைத் தவிர்த்தமைக்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். நான் அதனை மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு உத்தியோக உயர்வும் கிடைத்தது. முதியவர் ஓய்வுபெற்ற நாளில் அவரிடம் இதனைச் சொல்லிவிட எண்ணினேன். தேநீர் விருந்து முடிந்தது, எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தார்கள், நான் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் அவர் காலமானார் என்று கேள்வியுற்றேன்.

2000ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆந் தேதி, பாரிசு நகரின் சார்ள்ஸ் த கோல் நிலையத்திலிருந்து புறப்பட்ட கொன்கோர்டு விமானம், சிறிது முன்னர் சென்ற வேறொரு விமானத்திலிருந்து பாதையில் விழுந்து கிடந்த உலோகத் துண்டின்மேல் ஏறிற்று. டயர் வெடித்தது, அதன் துண்டு எரிபொருட்டாங்கியைத் தாக்கியது, தீப்பற்றிய விமானம் கொனெஸ் என்னும் ஊரில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 109 பேரும் தரையிலிருந்த நால்வரும் மாண்டனர். அந்தத் துண்டு ஒன்றரை அடிக்கும் குறைந்த நீளமுடையது. அச்செய்தியை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எமது ஸ்பனரும் ஏறக்குறைய அந்த நீளமே.

அண்மையில், 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் தேதி, இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ முழு நாளும் மூடப்பட்டதை வாசகர் அறிவர். அருகிலுள்ள துணை மின்னிலையம் ஒன்றில் முந்திய இரவு தீ மூண்டதே காரணம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வழியில் நின்றனர். பின்னர் நடந்த விசாரணையில், நிலைமாற்றியின் ஒரு காவற் குழாயினுள் ஈரம் புகுந்தமையாலேயே தீ உண்டாகியிருத்தல் கூடும் என்றும், ஈரம் மிகுந்திருந்ததை 2018ஆம் ஆண்டிலேயே ஒரு சோதனை காட்டியிருந்தது என்றும் தெரியவந்தது. அளந்தவர் அளந்திருக்கின்றார்; எண்ணும் ஏட்டில் இருந்திருக்கின்றது. அந்த எண்ணுக்காக ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பிறரைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. எண்ணாமற் கையொப்பமிட்டவனுக்கு அந்த உரிமை இல்லை.

எனக்குப் பின்வந்த இளம் பொறியியலாளர் பலரை நான் பயிற்றியிருக்கின்றேன். அவர்களுக்கு மின்னோட்டத்தைப் பற்றியும் விளக்குகளின் நிறங்களைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தேன். கருவிப்பெட்டியைத் தாமே திறந்து, ஒவ்வொரு குழியையும் கண்ணாற் பார்த்து, அதன் பின்னரே பேனாவை எடுக்கவேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். அவர்களுள் எவனோ ஒருவன் அதனை வீண் பிடிவாதம் என்று எண்ணியிருத்தல் கூடும். ஆனால் இந்தக் கதையை நான் அவர்களுக்கும் சொன்னதில்லை.

கல்லூரி அன்னையின் இன்றைய பிள்ளைகளிற் சிலர் நாளை பெரிய நிலையங்களையும் பாலங்களையும் மருத்துவமனைகளையும் நடத்தப் போகின்றார்கள். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகப் பெயர்பெற்றது. அங்கே கடமையாற்றும் பேறும் அவர்களிற் சிலருக்குக் கிட்டும். அவர்கள் எங்களிலும் மேலாக விளங்குவார்களாக. கீழே நிற்பவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதேனும் சொன்னால், அதனைக் கேட்கும் செவி அவர்களுக்கு வாய்ப்பதாக.

என் பங்குக்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அறிக்கையின் ஒரு வசனத்தை இம்மலரில் திருத்தி எழுதுகின்றேன். கருவிகளை எண்ணி, ஒன்று குறைவதை அறிந்து, தம் பிழையையும் மறையாது சொல்லி, அதனைத் தேடி எடுத்தவர் ஒரு முதிய தொழிலாளி. எண்ணாமற் கையொப்பம் இட்டவன் நான்.